தம் கட்டுறவங்க தம்ம விடுறது எப்படி: எந்த வழி எந்த வாத்தியத்துக்கு?

போன ரெண்டு மாசத்துல மூணு பேர் ஏறக்குறைய ஒரே கேள்விய கேட்டுட்டாங்க. ஒருத்தர் பாட்டு ரெண்டாம் வருஷம், ஒருத்தர் புல்லாங்குழல், இன்னொரு தம்பி மிருதங்கம். மூணு பேரும் நாளைக்கு ஏழெட்டு தம். "அண்ணா, ஒரே நாள்ல நிறுத்தவா, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கவா, இல்ல அந்த நிகோடின் கம்ம வாங்கி மெல்லவா?" மூணு பேருக்கும் ஒரே பதில சொல்லலாம்னு உக்காந்தேன், முடியல. மிருதங்கம் வாசிக்கிற தம்பிக்கு சரியா இருக்கறது பாடுறவருக்கு சரியா இருக்காது. டாக்டர்ங்க சொல்றது எல்லாருக்கும் பொதுவா இருக்கும், நம்மாளுங்களுக்கு தொண்டையும் தாடையும் விரலும் தான் சோறு, அதனால அதையும் சேத்து பாக்கணும்.

நான் யாருன்னா, டிப்ளமா மூணு வருஷமும் பாட்டு படிச்சுக்கிட்டே தம் அடிச்சவன். பதினோரு மணி க்ளாஸ் முடிஞ்சதும் வாசல்ல இருந்து நாப்பதடில ஒரு பெட்டிக்கடை, அங்க ஒரு கயிறு தொங்கும், நுனில எப்பவும் கனிஞ்சுக்கிட்டே இருக்கும், குனிஞ்சு பத்த வச்சா ஒரு டீ ஒரு தம், மிருதங்கம் கோஷ்டி தொடையில தட்டி கோர்வை (தாளக் கணக்கு) போட்டு பாத்துக்கிட்டு இருக்கும். சட்டப்படி காலேஜ்ல இருந்து 100 கஜத்துக்குள்ள விக்கவே கூடாது, அது வேற கதை. எங்களுக்கு மனோதர்மம், அதாவது சொந்தக் கற்பனைல பாடுறது வாசிக்கறது, எல்லாம் பாதி அங்க தான் வந்துச்சு, அதனால தான் விடுறது இவ்ளோ கஷ்டமா இருந்துச்சு. நான் நாலு தடவ விட்டேன், நாலாவது தான் நின்னுச்சு.

## எதை வச்சு முடிவு பண்றது

வழிகள பாக்குறதுக்கு முன்னாடி இந்த அஞ்சையும் உங்களுக்குன்னு கேட்டுக்குங்க.

தொண்டை, மூச்சு, வாய்: நீங்க விடுறதுக்கு எடுத்துக்கற மருந்தே தொண்டைய காய வைக்குமா, தாடைய வலிக்க வைக்குமா?

கை: வீணை, வயலின், மிருதங்கம் ஆளுங்களுக்கு நடுக்கம். நிகோடினும் கைய நடுங்க வைக்கும், நிறுத்தின முதல் வாரமும் கை படபடன்னு இருக்கும்.

காலண்டர்: அடுத்த பரீட்சை, அடுத்த கச்சேரி எப்போ. நிறுத்தின முதல் மூணு நாள் தான் உச்சம், மூணு நாலு வாரத்துல பெரும்பாலும் அடங்கிடும்.

காசு: நாளைக்கு அஞ்சு தம், ஒண்ணு இருபது ரூபான்னு போட்டா மாசம் 3000. நீங்க வாங்கப் போற மருந்த அதோட தான் ஒப்பிடணும், சும்மா இருக்கறதோட ஒப்பிடக் கூடாது.

அஞ்சாவது, காலைல எழுந்ததும் முதல் தம் எப்போ? அரை மணி நேரத்துக்குள்ளன்னா, அதாவது சாதகத்துக்கு (காலைப் பயிற்சிக்கு) தம்பூரா ஆப் ஆன் பண்றதுக்கு முன்னாடியேன்னா, உடம்பு நல்லா பிடிச்சுக்கிச்சுன்னு அர்த்தம். பதினோரு மணி டீக்கடைல தான் முதல் தம்னா, உங்களுக்கு பழக்கம் சிகரெட்டோட இல்ல, டீக்கடையோட.

இதுக்கு நடுவுல ஒண்ணு சொல்லிடறேன். "தம் அடிச்சா குரல் கனமா வருது, மந்திர ஸ்தாயி (கீழ் சுரங்கள்) நல்லா பேசுது"ன்னு ஒரு பேச்சு ஹாஸ்டல்ல ஓடும். கனமா வருது, உண்மை தான். குரல் நாண் வீங்கினா கனமா தான் வரும். ரொம்ப நாள் புகைபிடிக்கறவங்களுக்கு குரல் நாணோட மேல் தோலுக்கு அடில தண்ணி மாதிரி கோத்துக்கும், ஈஎன்டி டாக்டருங்க ரெயின்கே எடிமாம்பாங்க. பெண் குரல்ல இது சட்டுனு தெரியும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு ஆறு கட்டை சுருதில பாடிட்டு இருந்துச்சு, அப்புறம் அஞ்சரை, அப்புறம் அஞ்சு, நாங்க எல்லாம் "வெயிட்டா பாடுறே"ன்னு வேற சொன்னோம். மந்திரத்துல கிடைச்ச கனத்துக்கு தார ஸ்தாயில (மேல் சுரங்கள்ல) விலை குடுத்துச்சு. விட்டா மேற்கொண்டு வீங்குறது நிக்கும், ஆனா வீங்கினது எல்லாம் அப்படியே திரும்பிடும்னு சொல்ல முடியாது.

## வழி 1: ஒரே நாள்ல, துணைக்கு எதுவும் இல்லாம

காசு பூஜ்யம், மருந்து இல்ல, தொண்டைக்கு எந்த பக்கவிளைவும் இல்ல. கேக்க நல்லா இருக்கும். ஆனா வெறும் மனசு பலத்துல மட்டும் விடுறவங்கள்ல ஒரு வருஷம் தாண்டி நிக்கறவங்க நூத்துக்கு மூணு அஞ்சு பேர் தான், அத தெரிஞ்சுக்கிட்டே இறங்குங்க.

நான் முதல் தடவ இப்படித்தான். போகி அன்னைக்கு பழைய பாயோட சேத்து பாக்கெட்டையும் எரிச்சேன், ரூம் பூரா கைத்தட்டல். மாட்டுப்பொங்கலுக்கு புதுசு வாங்கினேன். கணக்கு பாத்தா சரியா ரெண்டாவது நாள், உடம்பு அதிகமா கேக்கற நேரம் அது தான், அப்போ எனக்கு அது தெரியாது, நான் உருப்படாதவன்னு நினைச்சுக்கிட்டேன்.

மறைமுக செலவு ரெண்டு இருக்கு. ஒண்ணு, விட்ட கொஞ்ச நாள்ல இருமலும் சளியும் கூடும். மூச்சுக்குழாய்ல சளிய மேல தள்ளுற குட்டி ரோமங்கள புகை படுக்க வச்சிருக்கும், அது எழுந்து வேலைய ஆரம்பிக்குது, அதான். பாடுறவங்க இத பாத்து பயந்துபோய் "தம் அடிச்சா தான் தொண்டை க்ளியரா இருக்கு"ன்னு திரும்பிடறாங்க. இன்னொரு ஆபத்து கனைக்கிறது, சளி வருதேன்னு நிமிஷத்துக்கு ஒரு தரம் கனைச்சா குரல் நாண் ரெண்டும் அடிச்சுக்கும். கனைக்காம தண்ணிய ஒரு மடக்கு முழுங்குங்க.

ரெண்டாவது செலவு யாரும் சொல்லாதது, காபி. புகைல இருக்கற தார் சமாச்சாரம் கல்லீரல தூண்டி விட்டு காபில இருக்கற காஃபின வேகமா கரைச்சுடும். தம்ம விட்டதும் அந்த வேகம் போயிடும், நீங்க அதே நாலு காபி குடிப்பீங்க, ஆனா உடம்புக்கு அது ஏழெட்டு குடிச்ச மாதிரி. படபடப்பு, தூக்கம் இல்ல, கை நடுக்கம். எல்லாத்தையும் "தம் இல்லாததால"ன்னு சிகரெட் கணக்குல எழுதிடுவோம். விடுற அன்னைக்கே காபிய பாதியா குறைச்சுடுங்க. நிகோடின் கம் மென்னாலும், தோள்ல ஒட்டற நிகோடின் பேட்ச் போட்டாலும் இது பொருந்தும், ஏன்னா காரணம் நிகோடின் இல்ல, புகை.

யாருக்கு இது சரி: முதல் தம் பத்து மணிக்கு மேல, நாளைக்கு நாலஞ்சுக்கு கீழ, பக்கத்துல கச்சேரி இல்ல, முக்கியமா ஊருக்குப் போற லீவு கைல இருக்கு. டீக்கடை கோஷ்டி இல்லாத ஊர்ல முதல் வாரத்த கடத்திட்டா பாதி கிணறு தாண்டின மாதிரி.

## வழி 2: கொஞ்சம் கொஞ்சமா குறைக்கறது

எட்டு, ஆறு, நாலு, ரெண்டு, பூஜ்யம். நம்மாளுங்களுக்கு இது ரொம்ப பிடிக்கும், பாட்டு ஆரம்பத்துல படிக்கற அலங்கார சுர வரிசை மாதிரி இருக்குல்ல. ஆனா 2016ல இங்கிலாந்துல ஏறக்குறைய 700 பேர வச்சு பாத்தாங்க, பாதி பேருக்கு தேதி குறிச்சு ஒரே நாள்ல, பாதி பேருக்கு ரெண்டு வாரமா குறைச்சு, ரெண்டு கோஷ்டிக்குமே நிகோடின் மருந்தும் ஆலோசனையும் குடுத்தாங்க. நாலு வாரம் கழிச்சு பாத்தா ஒரே நாள்ல விட்டவங்க நூத்துக்கு 49 பேர் நின்னாங்க, குறைச்சவங்க 39. ஆறு மாசத்துல 22க்கு 15 சொச்சம்.

எனக்கு இது ஆச்சரியமா இல்ல. ரெண்டாவது தடவ நான் இப்படி குறைச்சேன், நாளைக்கு ரெண்டு தம்னு வந்தப்போ அந்த ரெண்டும் பிரசாதம் ஆயிடுச்சு, காலைல இருந்து அதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் அந்த ரெண்ட பில்டர் சுடுற வரைக்கும் இழுப்போம், ஆழமா இழுப்போம், எண்ணிக்கை குறையும், உள்ள போற சரக்கு அந்த அளவுக்கு குறையாது.

யாருக்கு இது சரி: ஒரே நாள்லன்னு நினைச்சாலே பயந்து தள்ளிப்போட்டுக்கிட்டே போறவங்களுக்கு. அப்போ கூட ரெண்டு வாரத்துக்கு மேல இழுக்காதீங்க, கடைசி தேதிய டைரில எழுதிடுங்க. முதல்ல வெட்ட வேண்டியது கச்சேரிக்கோ க்ளாஸுக்கோ முன்னாடி அடிக்கற தம். டென்ஷன் குறையுதுன்னு அத அடிப்போம், ஆனா ஒரு தம்முக்கு அப்புறம் நெஞ்சு துடிப்பு நிமிஷத்துக்கு பத்து இருபது கூடும். குறையற டென்ஷன் ஒரு மணி நேரமா நிகோடின் இல்லாத டென்ஷன் தான்.

## வழி 3: நிகோடின் கம், பேட்ச்

என் நாலாவது தடவ இது தான், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

இதுல போறதும் நிகோடின் தான், ஆனா தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்ல, நுரையீரல் பக்கமே போகல. ரத்தத்துல இருக்கற கார்பன் மோனாக்சைடு ரெண்டு நாளுக்குள்ள இறங்கிடும். சும்மா விடுறதோட ஒப்பிட்டா இதுல நிக்கறவங்க ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, பேட்சும் கம்மும் சேத்து எடுத்தா இன்னும் கூட.

கம்: 2 மி.கி., 4 மி.கி. ரெண்டு இருக்கு. 2 மி.கி. மெடிக்கல் ஷாப்ல சும்மா கேட்டாலே குடுப்பாங்க. எழுந்த அரை மணிக்குள்ள தம் அடிக்கறவங்களுக்கு 4 தேவைப்படலாம், அதுக்கு டாக்டர பாத்துடுங்க. நான் வாங்கினப்போ ஒண்ணு பத்து ரூபா கிட்ட விழுந்துச்சு, நாளைக்கு எட்டு பத்துன்னு போச்சு, சிகரெட் காச விட ஒண்ணும் ஜாஸ்தி ஆகல.

முக்கால்வாசி பேர் "கம் வேலை செய்யல"ன்னு சொல்றது மெல்லத் தெரியாம தான். பபுள் கம் மாதிரி சவக் சவக்னு மென்னா நிகோடின் எச்சிலோட வயித்துக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் தான் மிச்சம். மெதுவா அஞ்சாறு கடி, காரமா ஒரு சுருக் வரும், உடனே கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வச்சுடணும், வெத்தலை போடுற பெரியவங்க ஒதுக்குவாங்களே அப்படி. சுருக் அடங்கினதும் திரும்ப ரெண்டு கடி. அரை மணி நேரம். மெல்றதுக்கு கால் மணி முன்னாடி காபி, ஜூஸ் எதுவும் வேண்டாம், வாய்ல புளிப்பு இருந்தா நிகோடின் உள்ள ஏறாது.

பாடுறவங்களுக்கு இதுல ஒரு சங்கடம் இருக்கு, தொண்டைய கரகரன்னு ஆக்கும், விக்கல் வரும். நான் ஒரு தடவ க்ளாஸுக்கு பத்து நிமிஷம் முன்னாடி மென்னுட்டு போய் தோடி ராகத்துல ஆலாபனை பண்றேன், காந்தாரத்துல வர்றது கமகமா (சுரத்த அசைக்கறதா) விக்கலான்னு எனக்கே தெரியல, சார் என்னையே பாத்தாங்க. அதுக்கப்புறம் பாடுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கம்ம தொடறதில்லன்னு வச்சுக்கிட்டேன். குழல், நாகஸ்வரம் ஆளுங்களுக்கு சங்கடம் வேற, தாடை வலிக்கும், உதடு பிடிமானம் தளரும். நாகஸ்வரத்து சீவாளில (ஊதுற நாக்குல) ஊதறதுக்கே தாடைக்கும் உதட்டுக்கும் வேலை ஜாஸ்தி, அதுக்கு மேல நாளைக்கு பத்து கம்னா பாவம்.

மிருதங்கம், வீணை, வயலின், கஞ்சிரா கோஷ்டிக்கு கம் நல்லா ஒத்து வரும். தொண்டை கரகரத்தா என்ன, கொன்னக்கோல் (வாயால தாளச் சொற்கள்) சொல்றப்போ மட்டும் பாத்துக்குங்க. ஆனா வாசிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கம் அடுத்தடுத்து போட்டா கை நடுங்கும், வீணைல ஒரு கமகம் இழுக்கறப்போ நல்லா தெரியும்.

பேட்ச்: தோள்ல பிளாஸ்திரி மாதிரி ஒட்டிக்கறது. நாளைக்கு பத்துக்கு மேல தம்னா பொதுவா 21 மி.கி.ல ஆரம்பிச்சு 14, 7ன்னு இறக்குவாங்க, பத்தும் அதுக்கு கீழயும்னா 14லயே ஆரம்பம், எல்லாம் சேத்து ரெண்டு ரெண்டரை மாசம். வாய், தொண்டை, தாடை மூணுக்கும் சம்பந்தமே இல்ல. அதனால பாட்டு, குழல், நாகஸ்வரம்னா என் ஓட்டு பேட்சுக்கு தான். குறை என்னன்னா தோல் அரிக்கும், ராத்திரி ஒட்டிக்கிட்டு தூங்கினா கனவு கலர் கலரா வரும், சின்ன ஊர் மெடிக்கல்ல சட்டுனு கிடைக்காது. இன்னொண்ணு, வாய்க்கும் கைக்கும் ஏதாவது வேணும்னு ஒரு தவிப்பு இருக்கே, அத பேட்ச் தீர்க்காது. அதுக்கு நான் அதிமதுரக் குச்சி கடிச்சேன், பாடுறவங்க வீட்ல எப்படியும் இருக்கும். நாள் பூரா மாசக்கணக்குல கடிக்காதீங்க, அளவு மீறினா பிரஷர ஏத்தும். பனங்கற்கண்டு, மிளகு எல்லாம் வாய்க்கு நல்லா இருக்கும், ஆனா முழுங்கறது எதுவும் குரல் நாண் மேல படாது, அது வேற குழாய்ல போகுது. ஆவி பிடிச்சா தான் அங்க போய் சேரும்.

இருதய பிரச்சினை உள்ளவங்க, கர்ப்பமா இருக்கறவங்க டாக்டர்ட்ட கேக்காம இது ரெண்டையும் ஆரம்பிக்க வேண்டாம்.

## வழி 4: டாக்டர் எழுதித் தர்ற மாத்திரை

வரெனிக்ளின், புப்ரோபியான்னு ரெண்டு. வரெனிக்ளின் நல்லா வேலை செய்யும், ஒத்த கம் ஒத்த பேட்ச விட பலம் ஜாஸ்தி. குமட்டல் வரும், சாப்பிட்டுட்டு போட்டா குறையும். வெறும் வயித்துல காலைல அஞ்சு மணிக்கு அகார சாதகம் ("ஆ"ன்னு பாடிப் பழகறது) பண்றவங்க மாத்திரை நேரத்த டாக்டர்ட்ட பேசி வச்சுக்கணும். புப்ரோபியான் வாய காய வைக்கும், தூக்கத்த கெடுக்கும், வலிப்பு வந்த சரித்திரம் இருந்தா கூடவே கூடாது. வாய் காயறது பாடுறவங்களுக்கு எவ்ளோ பெரிய தலைவலின்னு டாக்டருக்கு தெரியாம இருக்கலாம், "நான் பாடுறவன்"னு நீங்களே சொல்லிடுங்க.

நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்கு மேல, கம் பேட்ச் ரெண்டும் பாத்து தோத்தவங்களுக்கு இது. டாக்டர் பீஸ் தான் பயம்னா 1800-11-2356க்கு போன் பண்ணுங்க, தேசிய உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், சிகரெட் பாக்கெட் மேலயே போட்டிருக்கும், நாம தான் அந்தப் பக்கம் படத்த பாக்கக் கூடாதுன்னு திருப்பி வச்சிருப்போம்.

## வழி 5: வேப் (இ-சிகரெட்)

இதப் பத்தி நேர்மையா சொல்லணும்னா, இங்கிலாந்துல சிகரெட்ட விடறதுக்கு டாக்டர்ங்களே இத ஒரு வழியா சொல்றாங்க, ஆராய்ச்சியும் ஓரளவு ஆதரவா இருக்கு. ஆனா இந்தியால 2019ல இருந்து தடை. விக்கறது, வெளிநாட்டுல இருந்து கொண்டு வர்றது, சேத்து வைக்கறது எல்லாம் குத்தம், முதல் தடவ வித்து மாட்டினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் கூட சேரலாம். அதனால இங்க கிடைக்கறது எல்லாம் திருட்டு சரக்கு, உள்ள என்ன இருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது. போதாததுக்கு அதுல இருக்கற திரவம் ஈரத்த உறிஞ்சும், தொண்டை வறண்டு போகும். பாட்டு மாணவங்களுக்கு நான் வேண்டாம்னு தான் சொல்லுவேன்.

## வழி 6: "மாத்திக்கறேன்" கோஷ்டி

லைட் சிகரெட், மென்த்தால், பீடி, வெத்தலையோட புகையிலை. இத நான் வழியாவே எடுத்துக்கல, ஆனா கேக்கறாங்க. மென்த்தால் தான் பாடுறவங்கள ஏமாத்தறதுல நம்பர் ஒண்ணு, ஜில்லுனு தொண்டைய மரத்துப்போக வச்சு எரிச்சல மறைச்சுடும், எரியலன்னா ஆழமா இழுப்போம். லைட்டும் அப்படித்தான், பில்டர்ல இருக்கற குட்டி ஓட்டைய விரலும் உதடும் மூடிடும். பீடிய அணையாம வச்சுக்கறதுக்கே அடிக்கடி இழுக்கணும். புகையிலைக்கு மாறினவங்க "நம்ம வித்வான்களே போட்டாங்களே"ம்பாங்க, போட்டாங்க தான், வாய்ப் புத்துநோய்க்கு அது தெரியாது. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புத்துநோய் பட்டியல்ல இருக்கு.

## சரி, அந்த மூணு பேருக்கு என்ன சொன்னேன்

மிருதங்கம் தம்பிக்கு: தேதி குறி, ஒரே நாள்ல விடு, 2 மி.கி. கம், வாசிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நிறுத்திடு, டீக்கடை மாத்து. அவன் பதினோரு மணிக்கு தான் முதல் தம் அடிக்கறவன், அவனுக்கு மருந்த விட கடை தான் முக்கியம். ரெண்டு வாரம் டீய ப்ளாஸ்க்ல கொண்டு போயிருக்கான், கோஷ்டி கிண்டல் பண்ணிட்டு இப்ப அதுலயே பங்கு கேக்குதாம்.

பாட்டு படிக்கிறவர் "மார்கழி முடியட்டும் அண்ணா"ன்னார். கச்சேரிக்கு ரெண்டு வாரம் முன்னாடி விட்டா இருமல் சளி தொந்தரவு வரலாம் தான், அதுல நியாயம் இருக்கு. ஆனா நம்ம துறைல எப்பவும் ரெண்டு வாரத்துல ஏதோ ஒண்ணு இருக்கும், மார்கழி முடிஞ்சா தியாகராஜர் ஆராதனை, அது முடிஞ்சா பரீட்சை, அப்புறம் யாரோ வீட்டு கல்யாணம். அவருக்கு ஒன்றரை மாசம் இடைவெளி இருந்துச்சு, பேட்ச், இன்னைக்கே ஆரம்பிங்கன்னேன். ஷட்ஜத்துல ஒரே மூச்சுல எத்தனை செகண்ட் கார்வை நிக்குதுன்னு போன்ல டைமர் வச்சு வாரத்துக்கு ஒரு தடவ எழுதி வைங்கன்னும் சொன்னேன். எனக்கு விட்டப்போ 17 செகண்ட், மூணு மாசத்துல 24. நுரையீரல் தெம்பு கூடறதுக்கு ரெண்டு வாரத்துல இருந்து மூணு மாசம் ஆகும், அதனால முதல் வாரமே டைமர பாத்து மூஞ்சி தொங்கப் போட வேண்டாம்.

குழல் பையனுக்கும் பேட்ச் தான். அவன் நாளைக்கு எட்டுங்கறதால 14ல ஆரம்பிச்சிருக்கான். ரெண்டாவது நாளே போன் பண்ணி "அண்ணா, ஒட்டவே மாட்டேங்குது"ங்கறான். குளிச்ச ஈரத்தோட ஒட்டியிருக்கான். தோள நல்லா துடைச்சு, பவுடர் எண்ணெய் எதுவும் போடாம, காய விட்டு ஒட்டி பத்து செகண்ட் உள்ளங்கையால அமுக்கிப் பிடிக்கணும், தினமும் இடத்த மாத்தணும், இல்லன்னா சென்னை வேர்வைல மத்தியானத்துக்குள்ள உரிஞ்சு சட்டை கையோட வந்துடும்.